வெள்ளைப் பூ செண்ட்: மொட்டா, மலரா, வாடலா?

மல்லிகை, சம்பங்கி (ட்யூபெரூஸ்), கார்டேனியா, ஆரஞ்சுப் பூ. செண்ட் உலகில் ‘வெள்ளைப் பூ வகை’ என்றால் பெரும்பாலும் இந்த நான்கையும்தான் சொல்கிறார்கள். இந்த வகையில் ஒரு பாட்டில் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது ‘எது ரொம்ப நேரம் நிற்கும்?’ என்றுதான். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே நிற்கும். அந்தக் கேள்வியை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. கேட்டுக்கொள்ள வேண்டியது இது: மொட்டாக இருக்கும் பூவின் மணம் வேண்டுமா, முழுக்க மலர்ந்ததன் மணமா, வாடத் தொடங்கியதன் மணமா? சம்பங்கி ஒன்றை வைத்தே மூன்றையும் செய்திருக்கிறார்கள். ஒன்றை விரும்பிப் பூசிக்கொள்கிறவருக்கு மற்றொன்று தலைவலியைக் கொண்டுவரும். ‘பூ செண்டே எனக்கு ஒத்துவராது’ என்று ஒதுங்கிப் போனவர்களில் பலர், தங்களுக்குப் பொருந்தாத நிலையில் இருந்த பூவைத்தான் முகர்ந்துவிட்டு ஒதுங்கியிருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நான்கு பூக்களும் உறவு முறையில் மிகத் தொலைவானவை. மல்லிகை ஆலிவ் மரத்தின் குடும்பம். சம்பங்கி ஆனைக்கற்றாழையின் சொந்தம். கார்டேனியா காப்பிச் செடியின் குடும்பம். ஆரஞ்சு எலுமிச்சையோடு சேர்ந்தது. இருந்தும் மணத்தில் ஒரு சாயல் ஓடுகிறது. இரவில் மணம் வீசி அந்துப்பூச்சிகளை அழைப்பது இவற்றில் மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் முக்கியமான வேலை. இருட்டில் நிறத்தால் பயன் குறைவு. வெண்மையும் மணமும்தான் தூது போகின்றன. அந்தத் தூதில் இனிப்பும் உண்டு, இனிப்புக்கு அடியில் ஒரு கனத்த, உடல் சார்ந்த வாடையும் உண்டு. அந்த இரண்டாவதை நீங்கள் எவ்வளவு தாங்குவீர்கள் என்பதில்தான் முழுத் தேர்வும் அடங்கியிருக்கிறது.

அந்த வாடைக்கு முக்கியக் காரணம் இண்டோல் என்ற வேதிப்பொருள். தனியாக எடுத்து முகர்ந்தால் அந்துருண்டையை நினைவூட்டும் நெடி அதற்கு. கரித்தாரிலும் இருக்கிறது, மலத்திலும் இருக்கிறது. நன்றாக நீர்க்கச் செய்தால் அதுவே பூ மணமாகிறது. மல்லிகையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுக்கும் ‘அப்சல்யூட்’ என்ற அடர்சாரத்தில் இண்டோல் 2 முதல் 3 சதவீதம் அளவில் இருப்பது வழக்கம். அளவு சிறிதுதான், வேலை பெரிது. அதை முற்றிலும் நீக்கிவிட்டால் மல்லிகை மணம் சோப்பு மணமாகிவிடும். கொஞ்சம் கூட்டினால், நேற்றைய பூவைக் கிண்ணத்தில் விட்டு மூடிவைத்த அறையின் மணம். மொட்டு, மலர், வாடல் என்று நான் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பொருளை ஏற்றி இறக்குவதும், அதைச் சுற்றிப் பச்சை வாசனையை வைப்பதா, வெண்ணெய்த்தன்மையை வைப்பதா என்பதும்தான்.

மல்லிகையில் தொடங்கலாம். செண்ட் தொழிலில் இரண்டு மல்லிகைகள் புழங்குகின்றன. ஒன்று நாம் பிச்சி, ஜாதிமல்லி என்று சொல்லும் கிராண்டிஃப்ளோரம். மற்றொன்று குண்டுமல்லியான சம்பாக். பிச்சியின் சாரம் கதகதப்பானது, பழச்சாயல் கொண்டது. குண்டுமல்லியின் சாரத்தில் பச்சை வாடை தூக்கல். கூடவே மீத்தைல் ஆந்த்ரனிலேட் தரும் திராட்சைச் சாயலும் உண்டு. பாட்டிலின் மேல் வெறுமனே ‘மல்லிகை’ என்று போட்டிருந்தால் இந்த இரண்டில் எது என்று தேடிப் பார்ப்பது நல்லது. பிச்சியை எதிர்பார்த்து வாங்கியவருக்குக் குண்டுமல்லி முதலில் கொஞ்சம் கூர்மையாகத் தெரியும்.

பிச்சியின் முழு மலர்ச்சிக்கு இலக்கணம் போல நிற்பது ஆன்றி அல்மெரா உருவாக்கி 1930-இல் ஜான் பதூ நிறுவனம் வெளியிட்ட ஜாய். ஓர் அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் என்பது அந்த நிறுவனம் புகழ்பெறச் செய்த கணக்கு. கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். மல்லிகையை ரோஜாவோடு சேர்த்து நிமிர்த்தி நிறுத்திய விதம்தான் அதன் அழகு. ரோஜா இருப்பதால் மல்லிகையின் கனம் தரையில் படுத்துவிடாமல் நிற்கிறது.

குண்டுமல்லியின் பக்கம் 2005-இல் தியரி மூக்ளர் வெளியிட்ட ஏலியன் மிகவும் பெயர் பெற்றது. அதை நேர்மையாகப் பூ செண்ட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மல்லிகையை மரவாடைக்கும் ஆம்பர் என்ற கதகதப்பான பிசின் மணத்துக்கும் நடுவே வைத்து, அதற்கு ஒரு மின்னொளி ஏற்றிய மாதிரி இருக்கும். பூவின் நிலை என்று எதுவும் அதில் இல்லை. காலையும் மாலையும் ஒரே முகம். பூ வேண்டும் என்று வருகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், நாள் முழுக்க மாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இதைவிடச் சரியான தேர்வு குறைவு.

மொட்டு நிலையில் இருக்கும் மல்லிகை வேண்டுமென்றால் ஹெடியோன் நிறைந்த செண்ட்களின் பக்கம் போக வேண்டும். ஹெடியோன் என்பது மீத்தைல் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டின் வணிகப் பெயர். மல்லிகையின் காற்றோட்டமான, எலுமிச்சை கலந்த பகுதியை மட்டும் அது தருகிறது, கனம் வருவதில்லை. எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா 1966-இல் டியோருக்காகச் செய்த ஓ சோவாஜ் வழியாகத்தான் அது புகழ் பெற்றது. ஆண்களுக்கென்று விற்கப்பட்ட அந்தச் செண்ட்டின் நெஞ்சில் மல்லிகையின் மூச்சு இருந்தது என்பதை, ‘பூ மணம் பெண்களுக்கு மட்டும்’ என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம். கூச்சத்தோடு வெள்ளைப் பூவை அணுகுகிறவருக்கு இதுதான் நுழைவாசல்.

வாடல் பக்கம் நிற்பவை செர்ஜ் லூட்டென்ஸ் நிறுவனத்தின் மல்லிகைகள். அ லா நுய் இனிப்பும் இண்டோலுமாக அடர்ந்தது. 2007-இல் வந்த சாரசான் அதைவிட இருண்டது. திரவமே கருநீலம் கலந்த ஊதா. வெள்ளைத் துணியில் பட்டால் கறை நிச்சயம். மல்லிகையை இரவோடு சேர்த்தே நினைக்கிறவர்களுக்கு இவை பிடிக்கும். பகலில், வெயிலில், நெருக்கமான இடத்தில் இவற்றைப் பூசிக்கொண்டு போவது மற்றவர்களுக்குச் சோதனை.

இனி சம்பங்கி. இந்த வகையின் நடுநாயகம் இதுதான். நான் நின்று பேச விரும்புவதும் இங்கேதான்.

சம்பங்கியைப் பறித்த பிறகும் அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மல்லிகைக்கும் இந்தக் குணம் உண்டு. அதனால்தான் பழைய காலத்தில் இவ்விரண்டையும் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, பூ மாற்றி மாற்றி, கொழுப்பு மணத்தைக் குடித்து நிறையும்வரை காத்திருந்தார்கள். இன்று பெரும்பாலும் ஹெக்ஸேன் போன்ற கரைப்பான்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எந்த வழியில் எடுத்தாலும் சாரம் என்பது செடியில் இருக்கும் பூவைவிடக் கனமானது, தேன் போல் கெட்டியானது. காம்பின் பச்சையும், இதழைச் சுற்றி நிற்கும் குளிர்ந்த காற்றும் சாரத்தில் வருவதில்லை. அவற்றை வேறு பொருள்களால் திரும்பக் கட்டி எழுப்ப வேண்டும். எதைக் கட்டுவது, எதை விடுவது என்ற முடிவில்தான் செண்ட் வடிப்பவரின் கை தெரியும்.

ஜெர்மேன் செல்லியே 1948-இல் ரோபேர் பிகேவுக்காகச் செய்த ஃப்ரகா, முழுக்க மலர்ந்த சம்பங்கி. இதே செல்லியேதான் முந்தைய ஆண்டு பால்மேனுக்காகக் கால்பனம் பிசினின் கூர்மையான பச்சை வாடையை அள்ளிக் கொட்டி வான் வேர் செய்தவர். பச்சையை எப்படிக் கையாள்வது என்று நன்றாகத் தெரிந்தவர், ஃப்ரகாவில் அதை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளினார். சம்பங்கியோடு ஆரஞ்சுப் பூவும் மல்லிகையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, பீச் பழத்தின் மென்மையும் வெண்ணெயின் கொழுமையும் சேர்ந்து, அடியில் சந்தனமும் கஸ்தூரி வகை மணங்களும் தாங்கி நிற்கின்றன. பூக்களுக்கு இடையே காற்றுப் புக இடமில்லை. அறைக்குள் ஒருவர் நுழைவதற்கு முன் அவருடைய ஃப்ரகா நுழைந்துவிடும். அந்தத் துணிச்சல்தான் அதன் குணம். அதைக் குறை என்று சொல்பவர்கள் வேறு செண்ட்டைத் தேடிக்கொள்வது நல்லது.

டொமினிக் ரோபியோன் 2005-இல் ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்துக்காகச் செய்த கார்னல் ஃப்ளவர் மொட்டிலிருந்து மலர்வரை போகும் பூ. முதல் நிமிடத்தில் யூக்கலிப்டஸ் குளிர்ச்சி, ஒடித்த காம்பின் ஈரம். இனிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மணிக்கட்டைத் திரும்ப முகர்ந்தால் பச்சை விலகத் தொடங்கியிருக்கும். முலாம்பழத்தின் நீர்ச்சாயல் வந்து போகும். அதற்குப் பின்னால் சம்பங்கி ஒவ்வோர் இதழாகத் திறக்கும். ஒரு மணி நேரத்தில் தேங்காய்ப்பாலை ஒத்த மென்மை சேர்ந்து பூ முழுதாகிவிடும். ஆனாலும் அந்தக் குளிர்ச்சி முழுதும் போய்விடாது. கனம் கூடும்போதெல்லாம் அடியிலிருந்து வந்து தணிக்கும். மேலே சொன்ன ஏலியனை லாரன் ப்ரூயேரோடு சேர்ந்து உருவாக்கியவரும் இதே ரோபியோன்தான், அதுவும் அதே 2005-இல். மாறவே மாறாத ஒரு மல்லிகையையும், கண்ணெதிரே மலரும் ஒரு சம்பங்கியையும் ஒரே ஆண்டில் தந்த கை அது. 1991-இல் கிவான்ஷிக்காக அமாரிஜ் என்ற பெரும் முழக்கமான பூ செண்ட்டைச் செய்தவரும் அவரே. முழக்கத்தை முழுதாக அறிந்தவர் என்பதால்தான் கார்னல் ஃப்ளவரில் எங்கே அடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, செர்ஜ் லூட்டென்ஸுக்காகக் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் 1999-இல் செய்த ட்யூபெரூஸ் கிரிமினெல். பாட்டிலைத் திறந்தவர் முதலில் திடுக்கிடுவார். மென்தால், ரப்பர், பெட்ரோல் நெடி. பூ எங்குமே இல்லை. இது வெறும் அதிர்ச்சி வித்தை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சம்பங்கிப் பூவிலேயே மீத்தைல் சாலிசிலேட் இருக்கிறது. வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் அதே பொருள்தான். கெட்டியாகப் பூத்த சம்பங்கிக் காம்பை இரவில் மூடிய அறையில் வைத்து, இதழ் மூக்கில் படும்படி முகர்ந்தால், இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் தைல நெடி தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் மறைத்துவைப்பதை ஷெல்ட்ரேக் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அரை மணி நேரம் பொறுத்தால் அந்த நெடி வடிந்து, பட்டுப் போன்ற, கொஞ்சம் வாடிய, மிக அழகான சம்பங்கி ஒன்று மீதமிருக்கும். என் கணக்கில் அந்த இரண்டாவது மணி நேரத்துக்கு இணையான சம்பங்கி வேறு எதிலும் இல்லை. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பொறுக்க எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை.

இம்மூன்றுமே அதிகம் என்று படுகிறவருக்கு 2005-இல் வந்த டிப்டிக்கின் தோ சோன் இருக்கிறது. அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஈவ் குயெஸ்லான் சிறுவயதில் நாட்களைக் கழித்த வியட்நாமின் கடற்கரை ஊரின் பெயர் அது. கடற்காற்றில் கரைந்து வரும் சம்பங்கி. பூவிலிருந்து பத்தடி தள்ளி நிற்பது போன்ற இடைவெளி. 2017-இல் ஆல்பர்டோ மொரியாஸ் கூச்சி நிறுவனத்துக்காகச் செய்த ப்ளூம் சம்பங்கியோடு மல்லிகையையும் ரங்கூன் மல்லியையும் சேர்க்கிறது. சுத்தமான, பவுடர் சாயலுள்ள, யாருடைய முகத்தையும் சுளிக்க வைக்காத மணம். அதில் நிலை மாற்றம் குறைவு. பரிசாக வாங்குவதற்குப் பாதுகாப்பானது. எனக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது.

கார்டேனியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வணிக அளவில் அதன் சாரத்தை எடுத்துப் பயன்படுத்துவது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பாட்டிலில் இருப்பது மற்ற மணங்களைக் கொண்டு வரைந்த ஓவியம். ஸ்டைரலைல் அசிடேட் என்ற பொருள் அதன் பச்சையான புளிப்பைத் தரும். லாக்டோன் வகைகள் பாலின் கொழுமையைத் தரும். உண்மையான பூவில் இவற்றோடு காளானை ஒத்த ஒரு வாடையும் இருக்கும். இதழ் ஓரம் பழுக்கும்போது அது கூடும். பெரும்பாலான கார்டேனியா செண்ட்கள் அந்த வாடையைத் தொடாமலே நழுவிவிடுகின்றன. 1925-இல் எர்னஸ்ட் போ செய்த ஷனேலின் கார்டேனியாவில்கூட இந்தப் பூவின் பெயர் தெரியும் அளவுக்குப் பூ தெரியாது. அழகான வெள்ளைப் பூங்கொத்து என்று கொள்ளலாம். கார்டேனியாவேதான் வேண்டும் என்பவர், பூவை ஒருமுறை பக்கத்தில் வைத்துக்கொண்டு செண்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். வேறு வழியில்லை.

ஆரஞ்சுப் பூவில் ஒரு வசதி உண்டு. மொட்டும் மலரும் என்ற பிரிவு எடுக்கும் முறையிலேயே வந்துவிடுகிறது. கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூவை நீராவியில் வடித்தால் நெரோலி கிடைக்கும். ஒரு கிலோ நெரோலிக்கு ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டும். பச்சையும் பளிச்சென்ற புளிப்புமாக, குளித்து முடித்த உடம்பின் சுத்தம் அதில் இருக்கும். விரைவில் மறைந்தும் போகும். நான் தொடக்கத்தில் விதிவிலக்கு என்று சொன்னது இதைத்தான். அதே பூவைக் கரைப்பானில் எடுத்தால் ஆரஞ்சுப் பூ அப்சல்யூட். தேனும் இண்டோலுமாகக் கனத்தது, நிலைத்து நிற்பது. பாட்டிலில் ‘நெரோலி’ என்றிருந்தால் மொட்டு, ‘ஆரஞ்சுப் பூ’ என்றிருந்தால் மலர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். லூட்டென்ஸின் ஃப்ளேர் டோரஞ்சே இந்த மலரோடு சம்பங்கியையும் ஒரு சிட்டிகை சீரகத்தையும் சேர்க்கிறது. அந்தச் சீரகம் சிலருக்கு வியர்வையாகத் தெரியும், சிலருக்கு உயிரோட்டமாகத் தெரியும். நார்சிசோ ரோட்ரிகஸின் 2003-ஆம் ஆண்டு ஃபார் ஹெர் ஆரஞ்சுப் பூவைக் கஸ்தூரி மணத்துக்குள் பொதிந்து தோலோடு ஒட்டவைக்கிறது. பூ பிடிக்கும், பூ என்று பிறர் சொல்லிவிடக் கூடாது என்பவர்களுக்கு உகந்தது.

சோதித்துப் பார்க்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காகிதக் கீற்றில் தெளித்து முகர்ந்து, அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள். மல்லிகை மணத்தின் பழ இனிப்பான பகுதியைத் தருவது பென்சைல் அசிடேட். அது சீக்கிரம் ஆவியாகிவிடும். இண்டோலும் கஸ்தூரி மணங்களும் பின்தங்கி நிற்கும். முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் விரும்பியது நான்காவது மணி நேரத்தில் இருக்காது. நீங்கள் வாழப்போவது அந்த நான்காவது மணி நேரத்தோடுதான். அதனால் தோலில் தெளித்து, வெளியே நடந்து, வெயிலும் நிழலும் பட்டு, மாலையில் முகர்ந்து பாருங்கள். சூடு ஏறினால் எந்தப் பூவும் ஒரு படி முன்னே நகரும்: மொட்டு மலராகும், மலர் வாடலாகும். வெயில் கடுமையான இடத்தில் இருப்பவர் தமக்குப் பிடித்த நிலைக்கு ஒரு படி முந்தியதை வாங்குவது நல்லது.

இன்னொன்று, சொந்த மூக்கை நம்பி மறுபடி தெளிக்க வேண்டாம். ஒரே மணத்தில் தொடர்ந்து இருக்கும் மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். பக்கத்தில் இருப்பவர் மூக்கு நிறுத்தாது. ஃப்ரகாவுக்கும் ஏலியனுக்கும் ஒரு தெளிப்பு போதும். தோ சோனுக்கும் நெரோலிக்கும் மூன்று நான்கு தாங்கும்.

பழைய மதிப்புரைகளைப் படித்துவிட்டு வாங்குகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கலவைகள் காலப்போக்கில் மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் லிலியால் என்ற மணப்பொருளை அழகுசாதனப் பொருள்களில் தடை செய்தபோது, அதை நம்பியிருந்த பூ செண்ட்கள் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுக்கு முன் ஒருவர் உருகி உருகி எழுதிய ஃப்ரகாவும் இன்று கையில் கிடைக்கும் ஃப்ரகாவும் சொட்டுக்குச் சொட்டு ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

என் தேர்வைக் கேட்டால், ஒரே ஒரு வெள்ளைப் பூ செண்ட்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்குக் கார்னல் ஃப்ளவர். ஒரே பாட்டிலில் மொட்டும் இருக்கிறது, மலரும் இருக்கிறது. எந்த நிலை தமக்குப் பிடிக்கிறது என்பதை அதைப் பூசிக்கொண்டே ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். பச்சை விலகும்போது மனம் கொஞ்சம் வருந்தினால், அடுத்தது நெரோலியும் ஹெடியோனும் உள்ள பக்கம் போகட்டும். பூ திறந்த பிறகுதான் மனம் நிறைகிறது என்றால் ஃப்ரகா; அதுவும் மாலை நேரத்துக்கு, ஒரு தெளிப்பு. அதுவும் போதவில்லை, இன்னும் இருட்டு வேண்டும் என்பவர்தான் ட்யூபெரூஸ் கிரிமினெலை வாங்க வேண்டும். அதையும் முழுப் பாட்டிலாக வேண்டாம், முதலில் சிறு மாதிரிக் குப்பி. அந்த அரை மணி நேரத் தைல நெடியை மூன்று வேறு நாட்களில் தாங்கிக்கொண்டு, நான்காவது நாளும் கை அதை நோக்கிப் போனால் பெரிய பாட்டிலை வாங்கலாம். வாங்கியதை வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். இண்டோலும் மீத்தைல் ஆந்த்ரனிலேட்டும் உள்ள திரவங்கள் நாளாக ஆகப் பழுப்பேறும். வெளிச்சம் அதை விரைவுபடுத்தும். நிறம் மாறிய செண்ட் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், ஆனால் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் அதைத் தெளிக்கவும் வேண்டாம்.